குணமான படம்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கிக் கற்றவர்கள். மீதிப் பேர் அவளுடைய திட்டுக்குப் பயந்து வேறு பள்ளியில் சேர்ந்தவர்கள். நேரில் அவளை டீச்சர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பிரேக்கம்மா. பயிற்சிக் காரில் சொல்லிக் கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அவள் அதை மிதிக்கும்போதெல்லாம் வாயும் சேர்ந்து மிதிக்கும்.

"முன்னாடி நிக்கிறது லாரி. உங்க வீட்டு சோபா இல்ல, போய் சாஞ்சுக்க."

கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்க்காமல் தன் தலைமுடியைப் பார்க்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு வந்து சைக்கிள்காரனை இடிக்கப் போகிறவர்களைப் பிடிக்காது. அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்து, "சொல்லிக் குடுக்கற சார் இல்லையா?" என்று கேட்கிறவர்களை அறவே பிடிக்காது. ஒருமுறை அப்படிக் கேட்டவர் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர். முதல் நாள் நாற்சந்தியில் அவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டபோது, "ஆபரேஷன் பண்றப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டாள். மனிதர் ஒழுங்காகக் கற்றுக்கொண்டுதான் போனார்.

பள்ளி அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவர் அவள் கணவர். பற்பசை அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை முழுக்கப் படித்து, முழுக்க நம்புகிற பிறவி. "மூணே வாரத்துல பல்லு முத்து மாதிரி ஆகுமாம்" என்பார். மூன்று வாரம் கழித்து, "இப்ப கொஞ்சம் முத்து மாதிரிதான இருக்கு?" என்று அவளிடமே கேட்பார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவள் அலுத்துக்கொண்ட நாள் கணக்கில்லை. அவரை விட்டு ஒரு ராத்திரி வெளியூரில் தங்கினால் அவளுக்குத் தூக்கம் வராது என்பதும் உண்மை.

நோய் வந்தது அவளுடைய வலது காலில். ஒரு திருப்பத்தில் தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் என்று மூளை சொன்னது. வாயும் சொன்னது. கால் மட்டும், யாரோ யாருக்கோ சொன்னது போல அப்படியே கிடந்தது. ஓட்டிக்கொண்டிருந்த பெண் பதறிப்போய்த் தானே மிதித்து நிறுத்தினாள். லாரி போன பிறகு அந்தப் பெண் கண்கலங்க, "டீச்சர், நானே பண்ணட்டும்னு என்ன நம்பி விட்டீங்கல்ல?" என்றாள். அன்று வீட்டுக்கு வந்தவள் பிறகு அந்த இருக்கையில் உட்காரவில்லை.

நடுக்குவாதம் என்றார்கள்.

"எனக்கு நடுக்கமே இல்லையே டாக்டர்."

"எல்லாருக்கும் நடுங்காதும்மா. சிலருக்கு இறுக்கம்தான்."

"அப்ப பேரையாவது மாத்தி வைங்க."

மாத்திரைகள் சில காலம் நன்றாகவே வேலை செய்தன. பிறகு மாத்திரை இருக்கிற நேரம், மாத்திரை தீர்ந்துபோன நேரம் என்று அவள் பொழுது இரண்டாகப் பிளந்தது. தீர்ந்துபோன நேரத்தில் அவள் வாசற்படியில் நின்றுவிடுவாள். அறைக்குள் போக வேண்டும் என்று ஆசை இருக்கும். பாதம் மட்டும் தரையில் பசை போட்டு ஒட்டியது போல நிற்கும். வீட்டில் எத்தனை கதவு இருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டு வந்தவர் கணவர்தான். வேறு யார் படிப்பார்கள்?

"புது மருந்தாம்மா. மாசா மாசம் நரம்புல ஏத்துவாங்களாம். மூளையில செத்துக்கிட்டு இருக்கற செல்லு திரும்பத் துளிர்க்குமாம்."

"பல்லு முத்தான மாதிரியா?"

கிண்டல் செய்தாலும் போனாள். போகாமல் என்ன செய்வது? ஆய்வை நடத்திய பெரிய டாக்டர் உயரமாக, வாசனையாக இருந்தார். பேசும்போது ஆளைப் பார்க்காமல் கணினித் திரையைப் பார்த்துப் பேசுகிறவர். அவர் ஒரு படத்தைக் காட்டினார். நல்ல மூளையில் நடுவே இரண்டு காற்புள்ளிகள் ஒளிர்ந்தன. தலை பெரிதாக, வால் வளைந்து. உடம்பை ஓட்டுகிற டோபமின் என்ற சரக்கு வந்து இறங்குகிற இடம் அதுதான் என்றார். லேசான கதிர்வீச்சு உள்ள ஒரு திரவத்தை ஊசியில் செலுத்திவிட்டுப் படம் எடுத்தால், உயிரோடு இருக்கிற செல்களின் நுனிகள் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு ஒளிரும். பிறகு அவளுடைய படத்தை எடுத்தபோது, அதில் வால்கள் இல்லை. காற்புள்ளிகள் முற்றுப்புள்ளிகளாகிக்கொண்டிருந்தன.

"மருந்து கேக்குதா இல்லையான்னு நோயாளியக் கேட்டா, இன்னைக்கு ஒண்ணு சொல்வாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்வாங்க" என்றார் பெரிய டாக்டர். "மனசு ஏமாத்தும். படம் ஏமாத்தாது."

"என் லைசென்ஸ்ல இருக்கற படத்தப் பாத்திருக்கீங்களா டாக்டர்?"

அவர் பார்த்ததில்லை. சிரிக்கவும் இல்லை.

அந்த முதல் படம் எடுத்த கதை தனி. முந்தின இரவே மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மாத்திரையின் வேலை எது, நோயின் வேலை எது என்று குழப்பம் வரக் கூடாதாம். காலையில் அவள் மரப்பலகை மாதிரி ஆகியிருந்தாள். இரண்டு பேர் தூக்கிப் படுக்க வைத்து, தலையை ஒரு வலைக்கூட்டில் மாட்டி, இயந்திரத்தின் வாய்க்குள் தள்ளினார்கள். வெளியே நின்ற படக்காரர் ஒலிபெருக்கியில், "அசையாமப் படுத்திருங்கம்மா" என்றார்.

"அசைய முடியலன்னுதானய்யா வந்தேன்" என்றாள் அவள், உதடு கூட முழுதாகத் திறக்காத நிலையில்.

சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரிப் பையில், ஒரே நிறத்தில் தொங்கும். ஒவ்வொரு மாதமும் ஆய்வு நர்ஸ் அவளை நாற்காலியிலிருந்து எழச் சொல்வாள், நடக்கச் சொல்வாள், திரும்பச் சொல்வாள், விரல்களைத் தட்டச் சொல்வாள். தலை நரைக்கத் தொடங்கிய அந்த நர்ஸ் ஒருத்திதான் அந்தக் கட்டடத்தில் ஆளைப் பார்த்துப் பேசுகிறவள். அவள் முகத்தைப் பார்த்தே டீச்சருக்குத் தெரிந்துவிடும்: போன மாதம் மாதிரியேதான், அல்லது ஒரு படி மோசம்.

அங்கே பக்கத்துக் கட்டிலில் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்கும் அதே நோய், அதே பை. மூன்றாவது மாதத்திலிருந்து மனிதர் நிமிர்ந்துவிட்டார். காத்திருப்பு அறையில் எல்லோருக்கும் நடந்து காட்டினார், திரும்பிக் காட்டினார்.

"நேத்து மாடிப்படி ஏறினேன் டீச்சரம்மா. கைப்பிடியத் தொடவே இல்ல."

"இறங்கினீங்களா?"

"இறங்கினேனே."

"சந்தோஷம்" என்றாள், பாகற்காயைக் கடித்தவள் போல. வீட்டுக்கு வரும் வழியில் கணவரிடம், "பெருமை பீத்திக்கறான் பாருங்க, என்னமோ இவன் ஒருத்தன்தான் மாடிப்படியக் கண்ட மாதிரி" என்று பொரிந்து தள்ளினாள். வயிற்றெரிச்சல்தான். அதை ஏளனம் என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருந்தது, அவ்வளவே.

ஆய்வு முடிந்து, யாருக்கு எது என்று எழுதி மூடி வைத்திருந்த உறைகளைப் பிரித்த நாளில் இரண்டு பேரையும் அடுத்தடுத்துக் கூப்பிட்டார்கள். தபால்காரர் முதலில் போனார். வெளியே வரும்போது சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்றை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார். "உப்புத் தண்ணியாம்" என்றார் மெதுவாக. கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவிலேயே, அத்தனை பேர் பார்க்க, அவருடைய முதுகு வளைந்தது.

அவளுக்கு வந்தது மருந்து. பெரிய டாக்டர் எழுந்து நின்று வரவேற்றார். திரையில் பழைய படமும் புதிய படமும் பக்கம் பக்கமாக இருந்தன. புதியதில் முற்றுப்புள்ளிகளுக்கு வால் முளைத்திருந்தது. நிஜமாகவே முளைத்திருந்தது, அவளாலும் மறுக்க முடியவில்லை.

"மருந்து எடுத்துக்கிட்டவங்களுக்கு எல்லாம் படம் தேறியிருக்கு. அதுலயும் உங்களுது மாதிரி யாருக்கும் இல்ல" என்றார் டாக்டர், திரையைத் தடவாத குறையாக.

"நடை தேறலயே டாக்டர்?"

"நடை பின்னாடி வரும்மா. மூளை முன்னாடி போகும், கால் பின்னாடி வரும்."

"ஒரு வருஷமாப் பின்னாடியேதான் வந்துக்கிட்டு இருக்கு."

கணவர் அழுதுவிட்டார். படத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்துச் சுவரில் மாட்டினார். தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தால் கூட நிறுத்தி விளக்கினார். "இது முன்னாடி. இது இப்ப. வாலப் பாத்தீங்களா?" கேன்காரர் படத்தைப் பார்ப்பார், பிறகு சமையலறை வாசற்படியில் ஒட்டிக்கொண்டு நிற்கிற டீச்சரைப் பார்ப்பார், பிறகு காலி கேனை எடுத்துக்கொண்டு போவார். கேன்காரருக்கு இருந்த அறிவு கூட இவருக்கு இல்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் ஒரு காலையில் அவளும் அந்தப் படத்தின் முன் நின்றாள். யாரும் பார்க்காத நேரம். வால் இருக்கத்தானே செய்கிறது என்று தோன்றியது. ஒருவேளை கால் தயாராகத்தான் இருக்கிறதோ, நான்தான் பயந்துபோய் அதைக் கேட்கவில்லையோ? மாத்திரை வேலை செய்கிற நேரம் பார்த்து, சாவியை எடுத்துக்கொண்டு பள்ளியின் பயிற்சித் திடலுக்குப் போனாள். திடலின் கோடியில் பழைய டயர்களை அடுக்கி ஒரு சுவர் வைத்திருந்தார்கள், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இடிப்பதற்கென்றே.

வண்டி நகர்ந்தது. அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. ஜன்னல் வழியே வந்த காற்றுக்கு அவள் முகம் ஒரு கணம் பழைய முகமாக ஆனது. டயர்ச் சுவர் நெருங்கியது. பிரேக் என்றாள். இப்போது என்றாள். மிதிடீ என்றாள். வலது கால் ஆக்சிலரேட்டரின் மேல் உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

டயர்கள் சரிந்து பானெட்டின் மேல் விழுந்தன. அவளுக்கு அடிபடவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது வாயிற்கதவருகே கணவர் நின்றுகொண்டிருந்தார், வீட்டுச் செருப்போடு. ஓடி வந்து கதவைத் திறந்தார்.

"படத்தப் பாத்துட்டு வந்தியா?" என்று கேட்டார்.

"பேசாதீங்க."

அவர் அவளை இறக்கி, தோளில் சாய்த்து, டயர்களின் மேலேயே உட்கார வைத்தார். அவளுக்கு உலகத்தில் யார் மேலும் அன்று கோபம் இல்லை. டாக்டர் மேல் இல்லை, பற்பசைப் பெட்டியை நம்புகிற கணவர் மேல் இல்லை. ஒரு புகைப்படத்தைப் பார்த்து மயங்கிச் சாவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய முட்டாளை நினைத்துத்தான் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

சில நாள் கழித்து ஆய்வு நர்ஸ் போனில் விசாரித்தபோது, தபால்காரர் வெளியே வருவதே இல்லை என்று சொன்னாள். டீச்சர் கணவரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். மனிதர் ஜன்னலோரம் மடங்கி உட்கார்ந்திருந்தார். மாடிப்படி ஏறினவரா இவர்?

"வெக்கமா இருக்கு டீச்சரம்மா. ஊரெல்லாம் நடந்து காட்டினேன். உப்புத் தண்ணிக்கு."

"நடந்தது யார் காலு?"

"என் காலுதான்."

"படி ஏறினது?"

"நான்தான்."

"பின்ன எதுக்கு வெக்கம்? நெஜ மருந்த ஏத்திக்கிட்டு மூளை பூரா வால் மொளச்ச நானே டயர்ல போய் முட்டிட்டு வந்தேன். உங்களுக்கு வெறும் தண்ணியே கேட்டுச்சு. யாருங்க கெட்டிக்காரர்?"

தபால்காரர் சிரித்தார். எழ முயன்றார். நாற்காலிக் கையைப் பிடித்து இரண்டு முறை முயன்றுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"தெரிஞ்சதுக்கு அப்புறம் வரல டீச்சரம்மா."

நம்பிக்கையில் மூளை தானாகவே கொஞ்சம் டோபமின் சரக்கைச் சுரக்கும், அது இந்தப் படத்தில் தெரியாது என்று நர்ஸ் ஒருமுறை சொல்லியிருந்தாள். அத்தனை மாதம் அந்த மனிதரை நடக்க வைத்தது எதுவோ, அதை அளக்க அவர்களுக்கு மனமில்லை. வால் ஒன்றைத்தான் அளந்தார்கள். ஓட்டிப் பார்க்காமல் மனப்பாடத்துக்கு மார்க் போடுகிற நல்ல பள்ளிக்கூடம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மருந்துக் கம்பெனி ஒரு பெரிய ஓட்டலில் கூட்டம் போட்டது. அதற்கு அவளை அழைத்தார்கள். பளபளப்பான கோட்டு போட்ட கம்பெனிக்காரர் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதாம்மா எங்க நட்சத்திரம்" என்றார். மேடைக்குப் பின்னால் சுவர் அளவுக்கு ஒரு திரை. அதில் அவளுடைய மூளை. கூடத்தில் இருந்த டாக்டர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வால் இப்போது ஒரு ஆள் உயரம் இருந்தது.

பெரிய டாக்டர் மைக்கில் அவளை மேடைக்கு அழைத்தார். இசை போட்டார்கள். மேடைக்குப் போகும் வழியில் கம்பளம் முடிகிற இடத்தில் ஒரு பித்தளைப் பட்டை பதித்திருந்தது. அவள் கால்கள் அதைப் பார்த்ததும் நின்றன. இசை ஓடியது. கைதட்டல் ஆரம்பித்து, இளைத்து, நின்றது. கம்பெனிக்காரர் சிரிப்பைக் கலைக்காமலே படம் எடுக்கிறவரைப் பார்த்து, வேண்டாம் என்று விரலை ஆட்டினார். மேலே அவளுடைய மூளை ஜகஜ்ஜோதியாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. கீழே அவள் பட்டைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

கணவர் எழுந்து வந்தார். அவள் பாதத்துக்கு முன்னால் தன் செருப்புக் காலைக் குறுக்கே வைத்தார். தாண்டுவதற்கு எதிரே ஒன்று இருந்தால் அவளுக்குக் கால் வரும் என்று வீட்டில் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அவள் அவர் காலைத் தாண்டினாள். மேடைக்குப் போனாள்.

"உங்க அனுபவத்தச் சொல்லுங்கம்மா" என்று டாக்டர் மைக்கை நீட்டினார்.

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள்.

"இந்தப் படத்துக்கு நல்லாக் குணமாயிருக்கு. ரொம்ப சந்தோஷம். எனக்கு எப்பன்னு யாராவது கேட்டுச் சொன்னா, வீட்டுக்குப் போயிடுவேன்."

அவள் எதிர்பார்த்தது அமைதி. கிடைத்தது சிரிப்பு. கூடம் முழுக்கக் குலுங்கிச் சிரித்தது. டாக்டர் மைக்கை வாங்கிக்கொண்டு, "பாருங்க, இந்த உற்சாகத்தை. நகைச்சுவை உணர்வு எவ்வளவு கூர்மையா இருக்கு. இதையும் நாம ஒரு முன்னேற்றமா எடுத்துக்கணும்" என்றார். மறுபடி கைதட்டினார்கள். பிறகு சாப்பிடப் போனார்கள்.

காரில் வரும்போது கணவர்தான் முதலில் பேசினார். "அவங்களுக்குப் புரியல இல்ல?"

"நல்லாப் புரிஞ்சுது. அதான் சிரிச்சாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் யாரும் சொல்லாமலே சட்டத்தைக் கழற்றிப் பரணில் போட்டார். அவள் தடுக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை.

கம்பெனி கொஞ்ச காலத்தில் அந்த மருந்தை ஓசைப்படாமல் கைவிட்டது. கூட்டல் கழித்தல் எல்லாம் போட்டுப் பார்த்ததில் மருந்து வாங்கியவர்களும் உப்புத் தண்ணீர் வாங்கியவர்களும் ஒரே நடைதான் நடந்தார்களாம். இதைச் சொல்லப் பெரிய டாக்டர் போன் செய்யவில்லை. அவர் வேறு மருந்துக்குப் போயிருந்தார். சொன்னவள் நர்ஸ். பள்ளிக்கு ஒரு புதுப் பயிற்சியாளர் வந்தார். டீச்சர் அலுவலகத்தில் உட்கார்ந்து பாட வகுப்பு நடத்தினாள். நாற்காலியில் இருந்தபடியே ஒரு வகுப்பை முழுக்க அழவைக்க முடியும் என்பதில் அவளுக்கு ஓரளவு திருப்தி கிடைத்தது.

அடுத்த ஆண்டு நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். இன்னொரு இடத்தில், இன்னொரு மருந்து.

"படம் எடுப்பீங்களா?"

"எடுப்போம்மா. ஆனா இந்தத் தடவ நடையப் பாக்கறவங்க வேற, படத்தப் பாக்கறவங்க வேற. நடை தேறலன்னா மருந்து தேறலன்னு முதல்லயே எழுதி வச்சுட்டாங்க."

"இதுக்கு இத்தன படிப்பா? எங்ககிட்ட கார் கத்துக்க வர்ற பையனக் கேட்டிருந்தா டீக் குடிக்கற நேரத்துல சொல்லியிருப்பான்" என்று ஆரம்பித்து, டாக்டர்கள், கம்பெனிகள், ஓட்டல்கள், பித்தளைப் பட்டைகள் என்று யாரையும் விடாமல் திட்டித் தீர்த்தாள். நர்ஸ் பொறுமையாகக் கேட்டாள். திட்டு ஓய்ந்ததும், "எப்ப வரணும்?" என்றாள் டீச்சர்.

தபால்காரரையும் இழுத்துக்கொண்டுதான் போனாள். அவருக்கு மனமே இல்லை. புது மருத்துவமனையின் வரிசையில் நிற்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மறுபடியும் எனக்கு உப்புத் தண்ணியே வந்துட்டா?"

"வந்தா வாங்கிக்கங்க. நடை வந்தா நடங்க. முடிஞ்சதும் உறையப் பிரிக்கக் கூப்பிடுவாங்க, அன்னிக்கு மட்டும் போயிடாதீங்க."

"போனா?"

"உங்ககூடப் பேச மாட்டேன்" என்றாள். பிறகு வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை. தபால்காரர் ஒரு கணம் பார்த்துவிட்டு, தன் கைத்தடியை அவள் பாதத்துக்கு முன்னால் குறுக்கே நீட்டினார்.

"கொஞ்சம் தள்ளிப் புடிங்க. எங்க வைக்கணும்னு கூடத் தெரியல" என்று சொல்லிக்கொண்டே அவள் அதைத் தாண்டினாள்.